கட்டைவிரல் அக்கா முதலாளி ஆன கதை

பல் துலக்கும் பிரஷ் செய்யும் தொழிற்சாலையில் பதினேழு வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள். கூட இருந்த பெண்கள் அவளைக் கட்டைவிரல் அக்கா என்று கூப்பிட்டார்கள். இயந்திரத்திலிருந்து வந்து விழும் பிரஷ்ஷை எடுப்பாள், நார்களின் மேல் வலது கட்டைவிரலை அழுத்தாமல் ஒரு தடவை ஓட்டுவாள், அவ்வளவுதான். ஒரு கற்றை தளர்ந்திருந்தாலும் சரி, ஒரு நுனி கூராக நின்றாலும் சரி, விரலுக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே நல்லதை வலது பக்கமும் சொத்தையை இடது பக்கமும் போட்டுக்கொண்டு போவாள். கண் கதையில் இருக்கும், விரல் வேலையில் இருக்கும்.

சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். வீட்டில் யார் தண்ணீர் குடித்த டம்ளரையும் இரண்டு முறை கழுவாமல் தொட மாட்டாள். கல்யாணமான புதிதில் புருஷன் இதைப் பார்த்து, "நான் என்ன கொள்ளைநோயா?" என்று கோபித்துக்கொண்டான். பிறகு பழகிவிட்டது. தொழிற்சாலையில் இந்தக் குணத்துக்கு மரியாதை இருந்தது. தலைக்குத் தொப்பி, கைக்கு மெல்லிய உறை, வாய்க்கு மூடி, காலுக்குத் தனிச் செருப்பு. சோதனைக் கூடத்துக்குள் யாராவது தும்மினால் அக்கா திரும்பிப் பார்க்கும் பார்வையிலேயே தும்மியவள் எழுந்து வெளியே போய்விடுவாள். "அடுத்தவங்க வாய்க்குள்ள போற சாமான்டி இது" என்பாள். ஒருமுறை இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு பிரஷ்களின் மேல் விழுந்துவிட்டது. அக்கா எழுந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். முழுக் கூடமும் நாற்பது நிமிடம் நின்றது. அப்போதிருந்த மேனேஜர் தாம் தூம் என்று குதித்தார். எண்ணெயைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அந்த மேனேஜர் போய்ப் புதியவர் வந்தார். இவர் குதிப்பவர் இல்லை, சிரிப்பவர். எதற்கெடுத்தாலும் 'நாம எல்லாரும் ஒரே குடும்பம்' என்பார். ஒருநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் சோதனை, பொதியல் பிரிவுகளைச் சேர்ந்த பதினோரு பெண்களையும் உட்காரவைத்தார். ஆளுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். அக்கா தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காரணம் இல்லாமல் யார் பூ கொடுப்பார்கள்?

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி" என்று ஆரம்பித்தார் மேனேஜர். "இந்தப் பிரிவை இன்னையோட மூடுறோம். பதறாதீங்க, பதறாதீங்க. வேலை எங்கயும் போகல. உங்க வீட்டுக்கே வருது. நாளையிலிருந்து நீங்க யாரும் தொழிலாளி இல்ல. முதலாளி! சொந்தத் தொழில்! நாட்டோட முதுகெலும்பே சின்னத் தொழில்தான். நீங்க ஒவ்வொருத்தரும் அதுல ஒரு எலும்பு."

யாரோ ஒருத்தி கேட்டாள். "அப்ப சம்பளம் சார்?"

"முதலாளிக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களாம்மா? எத்தனை பிரஷ் பொதியறீங்களோ அத்தனைக்குக் கணக்கு."

"லீவு?"

"உங்களுக்கு நீங்களே குடுத்துக்கலாம். யாரையும் கேக்க வேண்டாம்!"

"உடம்புக்கு ஏதாவது வந்தா?"

"அதான் சொன்னேனே. குடும்பம்."

சிலர் சிரித்தார்கள். கேட்டவளும் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. கையில் இருந்த பூங்கொத்தின் தண்டில் சேறு ஒட்டியிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே தொழில்துறை அலுவலகத்திலிருந்து ஒரு எழுத்தர் கணினியைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். ஒருத்திக்குப் பத்து நிமிடம். பெயர், முகவரி, படம், கையெழுத்து. "நிறுவனத்தோட பேரு?" என்று அவர் கேட்டபோது அக்கா விழித்தாள். மேனேஜரின் உதவியாளர் முந்திக்கொண்டு, "விடியல் ஏழு" என்றார். பதினோரு பேருக்கும் விடியல்தான். ஒன்றிலிருந்து பதினொன்று வரை. எழுத்தர் நிமிர்ந்து அக்காவை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தார். அவருக்கும் விஷயம் தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்தது. பத்து நிமிடத்தில் அவள் முதலாளி.

வீட்டில் புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். "முதலாளியம்மா, தண்ணி குடுங்க" என்று இரண்டு நாள் கேலி பேசினான். வேன் நிறுத்துமிடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். "நாப்பது வயசுல என் வீட்டுக்காரி கம்பெனி ஆரம்பிச்சுட்டா, நான் இன்னும் பிள்ளைங்க மூக்கைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன்." அவன் சொன்னதில் பொறாமை இல்லை, நிஜமான பெருமைதான் இருந்தது. அதனாலேயே அக்காவால் அவனிடம் எதையும் உடைத்துச் சொல்ல முடியவில்லை.

மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. முன்னறையில் நாத்தனாரும் அவளுடைய நாலு வயது மகளும். நாத்தனாரின் புருஷன் கடல் கடந்த வேலையில் இருந்தான். உள்ளறையில் அக்காவும் புருஷனும். இந்த இடத்துக்குள் வாரத்துக்கு ஆறு மூட்டை பிரஷ், நாலு கட்டு அட்டை, பிளாஸ்டிக் மூடிகள் நிறைந்த இரண்டு பெட்டி, சூடு வைத்து ஒட்டும் ஒரு கருவி எல்லாம் வந்து இறங்கின. கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திவைத்தார்கள். பகலெல்லாம் அது நிமிர்ந்து நிற்கும், இராத்திரி அதைப் படுக்கவைத்துத் தாங்களும் படுப்பார்கள். மூட்டைகள் கட்டிலுக்கு அடியில் போகாததால் சமையலறை வாசலில் அடுக்கினார்கள். குழம்பு கொதித்தால் அந்த வாசனை அட்டையில் ஏறும். கருவியைப் போட்டால் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் சோற்றில் இறங்கும்.

முதல் மாதம் அக்கா போராடிப் பார்த்தாள். தரையை நாளுக்கு மூன்று தடவை துடைத்தாள். பழைய தலையணை உறையில் தனக்கும் நாத்தனாருக்கும் தொப்பி தைத்தாள். குழந்தையை மூட்டைப் பக்கம் விடவில்லை. ஆனால் தொப்பியும் துடைப்பமும் அவளே, விரலும் கருவியும் அவளே என்றால் எத்தனைதான் செய்வாள்? சொன்ன எண்ணிக்கையை வாரக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் அடுத்த வாரம் மூட்டை வேறு வீட்டுக்குப் போய்விடும். பத்து மாதம் போவதற்குள் துடைப்பது ஒரு வேளையாகச் சுருங்கியது. ஒவ்வொரு பிரஷ்ஷிலும் விரலை ஓட்டியவள் பத்துக்கு ஒன்று பார்த்தாள். பிறகு கைப்பிடியை மட்டும் பார்த்தாள். குழந்தைக்குக் கண்வலி வந்து பீளை வழிந்தபோது, கண்ணைத் துடைத்த அதே கையோடு நாத்தனார் பிரஷ்ஷை அட்டையில் வைத்ததைப் பார்த்தாள்.

"கையைக் கழுவிட்டு வாடி."

"எத்தனை தடவை அண்ணி கழுவறது? இவ ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்க கண்ணைக் கசக்கிக்கிட்டு மடியில வந்து விழறா."

"அப்ப அவளைப் பாரு, நான் பொதியறேன்."

"நீங்க ஒரு ஆளு பொதிஞ்சா இந்த மூட்டை எப்ப முடியும்?"

அந்த அட்டையை அக்கா திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தது: 'கைபடாமல் சுகாதார முறையில் பொதியப்பட்டது.' அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

இதற்கிடையில் மின்வாரியத்து ஆள் ஒருவர் வந்தார். வீட்டில் தொழில் நடக்கிறது என்று பதிவு சொல்கிறது, ஆகவே இனி இது வீடு இல்லை, தொழிற்கூடம், கட்டணம் வேறு என்றார். பிறகு தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர் வந்து, தொழிற்கூடத்துக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும், எங்கே இரண்டாவது வாசல் என்று கேட்டார். "ஜன்னல் இருக்கு" என்றாள் நாத்தனார். அவர் ஜன்னலை எட்டிப் பார்த்து, கீழே ஓடும் சாக்கடையைப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டு போனார். போகும்போது வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். புருஷன் அவரைக் கீழே வரை கூட்டிக்கொண்டு போய் 'கவனித்து' அனுப்பினான். தொழிற்சாலை மேஜையில் உட்கார்ந்திருந்த காலத்தில் இப்படிப்பட்ட ஆட்களை அக்கா கண்ணால் கண்டதில்லை. அவர்கள் முன்வாசல் வழியாக மேனேஜர் அறைக்குப் போய், அங்கிருந்தே திரும்பிவிடுவார்கள் போலும்.

பதினோராவது மாதம் ஒரு மூட்டை திரும்பி வந்தது. கடைக்காரர் ஒருவர் திருப்பி அனுப்பிய சரக்கு. மேலே ஒரு பொதியைத் தனியாகக் காகிதத்தில் சுருட்டிவைத்திருந்தார்கள். அக்கா பிரித்தாள். பிளாஸ்டிக் மூடிக்குள் வெள்ளை நார்களின் நடுவே, முள் முள்ளாய், காய்ந்துபோன ஒரு கரப்பான் கால். ஒட்டின விளிம்பு அவள் கருவியில் ஒட்டினது. அட்டையில் இருந்த எண் விடியல் ஏழு.

பொதியை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது அலமாரியில் வீட்டார் பிரஷ்கள் நாலும் ஒரே டம்ளரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றன. நாலையும் எடுத்து ஜன்னல் வழியே வீசினாள். அன்றிலிருந்து பல்பொடியை விரலில் தொட்டுத்தான் துலக்கினாள்.

பொதியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனாள். காவலாளி உள்ளே விடவில்லை. பதினேழு வருடம் வணக்கம் சொன்ன ஆள் அவர். "இப்ப நீங்க வெளிக் கம்பெனிம்மா, நேரம் வாங்கிட்டு வரணும்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு மேனேஜர் கூப்பிட்டார்.

கரப்பான் காலைப் பார்த்துவிட்டு அவர் முகம் சுளித்தார். பொதியை விரல்நுனியால் அவள் பக்கமே தள்ளினார்.

"இது உங்க யூனிட்டுல நடந்ததும்மா. என்கிட்ட கொண்டுவந்து காட்டுறீங்க?"

"வீட்டுல வச்சுப் பண்ணா இப்படித்தான் சார் ஆகும். மறுபடி ஒரு கூடம் குடுங்க. சம்பளம்கூட அப்புறம் பேசிக்கலாம். இது வாய்க்குள்ள போற சாமான்."

"நீங்கதானே முதலாளி? உங்க இடத்தை நீங்கதான் சுத்தமா வச்சுக்கணும். நான் எப்படி அடுத்தவங்க தொழில்ல தலையிட முடியும்?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதை வெளிய பேசாதீங்க. உங்க கம்பெனி பேருதான் கெட்டுப்போகும். அதுவும் இல்லாம, அடுத்த வாரம் தலைநகரத்துலேர்ந்து துணை அமைச்சர் வர்றார். சிறுதொழில் வாரம். 'வீட்டுக்கு ஒரு முதலாளி' திட்டத்தைப் பார்க்கணுமாம். உங்க வீட்டைத்தான் காட்டப்போறோம்."

"என் வீட்டையா?"

"பதினோரு வீட்டுல உங்களுதுதான் சுத்தம்."

கரப்பான் கால் மேஜைமேல் இருக்கும்போதே அதைச் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் திரும்பி வந்தாள்.

வாரம் முழுக்க வீட்டுக்குள் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் இரண்டு சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்தார்கள், கதவுக்குப் பின்னால் இருந்த சுவரைத் தொடவில்லை. கட்டிலைக் கழற்றி மொட்டைமாடியில் போட்டார்கள். அடுப்பைத் துணி போட்டு மூடினார்கள். சாக்கடை பக்கத்து ஜன்னலை ஒரு பெரிய பதாகை மறைத்தது. அதில் அக்காவின் முகம் ஆள் உயரத்துக்குச் சிரித்தது. அது பதிவு செய்த அன்று எடுத்த படம். அதில் அவள் சிரிக்கவே இல்லை. யாரோ கணினியில் சிரிக்கவைத்திருந்தார்கள், அவளுக்கு இல்லாத வரிசைப் பற்களோடு. "நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார். அக்கா அதன் பக்கம் திரும்பவில்லை.

அமைச்சர் வருகிற நாள் காலையில் புத்தம்புது தொப்பி, கையுறை, வெள்ளை அங்கி வந்தன. கண்வலிக் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். மேனேஜரின் உதவியாளர் ஒரு தாளை நீட்டினார். அதை மனப்பாடம் பண்ணச் சொன்னார். சிறு வயதிலிருந்தே சொந்தத் தொழில் தொடங்குவது அவள் கனவாம். இப்போது சுதந்திரமாக இருக்கிறாளாம்.

துணை அமைச்சர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பின்னால் படம் எடுப்பவர்கள், அதிகாரிகள், மேனேஜர். அறையில் நிற்க இடமில்லாமல் பாதிப் பேர் படிக்கட்டில் நின்றார்கள். அமைச்சருக்குச் சளி பிடித்திருந்தது. உள்ளே நுழைந்ததும் உள்ளங்கையில் ஒரு தும்மல் தும்மினார், அந்தக் கையைக் காற்சட்டையில் தடவிக்கொண்டார்.

"தொழில் ஆரம்பிக்கணும்னு எப்படிம்மா தோணுச்சு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மேனேஜர் புருவத்தை உயர்த்தினார். வாசலோரம் புருஷன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் நிற்க, நின்றுகொண்டிருந்தான்.

"சின்ன வயசுலேர்ந்தே அது என் கனவுங்க" என்றாள் அக்கா.

"பார்த்தீங்களா!" என்று அமைச்சர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். தும்மின அதே கையால் தட்டிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்தார். கட்டைவிரலால் நார்களை அழுத்தித் தேய்த்தார், முகத்தருகே கொண்டுபோய்ப் பல்லைக் காட்டினார். படம் எடுப்பவர்கள் இன்னொரு தடவை என்றார்கள். இன்னொரு தடவை பல்லைக் காட்டினார். பிறகு பிரஷ்ஷை மறுபடி தட்டிலேயே போட்டார்.

அக்காவின் கை தானாகப் போய் அந்த பிரஷ்ஷைப் பொறுக்கி இடது பக்கம் வைத்தது. பதினேழு வருடப் பழக்கம். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். சிரித்த முகம் மாறாமலே குனிந்து அதை எடுத்து அவள் முன்னால் அட்டையில் வைத்தார். "அமைச்சருக்குப் பொதிஞ்சு காட்டுங்கம்மா."

பொதிந்து காட்டினாள். மூடியை வைத்து, கருவியை அழுத்தி, விளிம்பை ஒட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பொதியை அமைச்சர் நினைவாக எடுத்துப் போகவில்லை. அது மற்ற பொதிகளோடு பெட்டிக்குள் போயிற்று.

கடைசிக் கார் தெருமுனை திரும்பிய உடனே உதவியாளர் ஒரு பையை நீட்டினார். தொப்பி இரண்டு, அங்கி இரண்டு, கையுறை நாலு என்று எண்ணி வாங்கிக்கொண்டார். அடுத்து வேறு ஊரில் வேறு வீட்டில் காட்ட வேண்டுமாம். நாத்தனார் கையுறை ஒன்றை மறைத்துவைத்திருந்தாள். அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நாளிதழில் செய்தி வந்தது. இந்த வட்டாரத்தில் ஒரே வருடத்தில் ஆறாயிரம் புதிய தொழில்முனைவோர் உருவாகியிருக்கிறார்களாம். தொழிற்சாலைக்கு விருதாம். அதில் வந்திருந்த அவள் படத்தைப் புருஷன் வெட்டி வேனில் ஒட்டப் போனான்.

"ஒட்டாதீங்க" என்றாள்.

"ஏன்? எவ்வளவு அழகா வந்திருக்கு!"

"ஆறாயிரம் முதலாளிங்களாமே. யாராருன்னு நினைக்கிறீங்க? நூற்பாலையை மூடினப்போ வெளிய வந்தவங்க, டயர் கம்பெனியில துரத்தினவங்க, நாங்க பதினோரு பேரு. வேலையைப் பிடுங்கிட்டுப் பட்டத்தைக் குடுத்திருக்காங்க. அதுக்கு விருது வேற." வலது கட்டைவிரலைப் புடவையில் தேய்த்துத் துடைத்தாள். "அந்த ஆளு மூக்குச்சளியைப் பொதிஞ்சு குடுத்தேங்க நான். யாரோட வாய்க்குள்ளயோ போகப்போகுது. என் கையால."

வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். பத்திரிகைத் துண்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்று கேட்டான்.  பிறகு, "அப்ப இழுத்து மூடிரு" என்றான்.

மூடுவது அவ்வளவு சுலபமாக இல்லை.

தொழில்துறை அலுவலகத்தில் அதே எழுத்தர் உட்கார்ந்திருந்தார். கம்பெனியை மூட வேண்டும் என்றதும் அவர் கணினியை விட்டுவிட்டு இழுப்பறையைத் துழாவினார். திறக்கிற படிவம் கணினியில் இருக்கிறது, மூடுகிற படிவம் காகிதத்தில்தான் என்றார். ஒன்பது பக்கம்.

"தொழிலாளிகளுக்கு ஒரு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுத்தீங்களா?"

"தொழிலாளி யாரும் இல்லைங்க. நான்தான்."

"பதிவுல முதலாளி ஒண்ணு, தொழிலாளி ஒண்ணுன்னு போட்டிருக்கே. அந்தத் தொழிலாளிக்குக் குடுத்தீங்களா?"

"அதுவும் நான்தாங்க."

"அப்ப உங்களுக்கு நீங்க நோட்டீஸ் குடுக்கணும். ரெண்டு பிரதி. ஒண்ணுல முதலாளியா கையெழுத்து, இன்னொண்ணுல வாங்கிக்கிட்டதா தொழிலாளி கையெழுத்து." அவர் விளையாடுகிறாரா என்று அக்கா முகத்தைப் பார்த்தாள். விளையாடவில்லை. அவருக்கே வெட்கமாக இருந்தது. "ரெண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்தா மேல கேள்வி வரும். கொஞ்சம் மாத்திப் போடுங்க" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தனக்குத்தானே நோட்டீஸ் எழுதினாள். 'தங்கள் சேவைக்கு நன்றி' என்று ஒரு வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டுமாம். அதையும் எழுதினாள்.

ஒரு மாதம் கழித்துப் போனால், மின்வாரியச் சான்று வேண்டும். அதை வாங்கிப் போனால் தீயணைப்புச் சான்று. இரண்டாவது வாசல் இல்லாத தொழிற்கூடத்தை மூட அனுமதிக்க முடியாது, முதலில் வாசல் வைத்துவிட்டு மூடுங்கள் என்றார் அந்த மனிதர், மறுபடி தலையைச் சொறிந்துகொண்டு. இந்த முறை யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அக்கா அவர் அறை வாசலிலேயே மூன்று நாள் உட்கார்ந்து அதை வாங்கினாள். கடைசியில் தொழில்துறை அலுவலகத்து அதிகாரி கூப்பிட்டார். தொழிற்சாலைக்கு விருது கொடுத்த விழாவில் மேடையில் இருந்தவர். அவர் பின்னால் சுவரில் ஒரு வரைபடம், கோடு மேலே ஏறிக்கொண்டே போயிற்று.

"இந்த வருஷம் மூடாதீங்கம்மா. எங்க இலக்கு கெட்டுடும். உங்க படத்தைத்தான் எல்லா இடத்துலயும் போட்டிருக்கோம். வேணும்னா தன்னம்பிக்கைப் பயிற்சி ஒண்ணு தர்றோம். மூணு நாள். சாப்பாடு உண்டு."

"எனக்குத் தன்னம்பிக்கை குறையலைங்க. அருவருப்புதான் ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள் அக்கா.

அதிகாரி கேட்காத மாதிரி அடுத்த கோப்பை எடுத்தார்.

அந்த நடைக்கூடத்தில்தான் மூடிக்காரரைப் பார்த்தாள். மருந்து பாட்டிலுக்கு மூடி வார்க்கிறவர். பதினான்கு பேரை வைத்து வேலை வாங்குகிறவர். சட்டையில் எண்ணெய்க்கறை, கையில் தடித்த கோப்பு. பட்டறையில் கூடுதலாக ஓர் அறை கட்ட ஒன்பது மாதமாக அனுமதிக்கு நடக்கிறாராம்.

"நீங்கதானே பதாகையில இருக்கிறவங்க? பல்லு மட்டும் வேற மாதிரி இருக்கு" என்றார்.

அக்காவுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. தன் கதையைச் சொன்னாள்.

"உங்களை மூட விடமாட்டேங்கிறாங்க, என்னை வளர விடமாட்டேங்கிறாங்க" என்றார் அவர். "நெஜமா தொழில் பண்றவன் பட்டறைக்கு எந்த அமைச்சரும் வந்ததில்லம்மா. வர்றதெல்லாம் தலையைச் சொறியறவங்கதான். ஆறாயிரம் பேர்ல ஒருத்தன் ஒரு மூடி செஞ்சிருப்பானா? எங்க தெருவுல மட்டும் இந்த வருஷம் நாலு பட்டறை பூட்டியாச்சு. அதை எந்தச் சுவர்லயும் மாட்டல." பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சோதனை பாக்கத் தெரியுமா? என்கிட்ட இருந்த அம்மா மகளோட ஊருக்குப் போயிட்டாங்க."

"சம்பளமா, எண்ணிக்கைக் கணக்கா?"

"சம்பளம். பெருசா இருக்காது. நான் கத்துவேன். மதியத்துக்கு மேல அங்க வெக்கை தாங்காது. மத்தபடி வாரம் ஒரு நாள் லீவு."

மறுவாரமே போய்ச் சேர்ந்தாள். அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. கத்தினார். உருகிய பிளாஸ்டிக் நாற்றத்தில் முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. தகரக் கூரைக்குக் கீழே பிற்பகலில் முகம் எரிந்தது. ஆனால் சோதனை மேஜையைப் பட்டறையிலிருந்து ஒரு கண்ணாடித் தடுப்பு பிரித்தது, கை கழுவத் தனிக் குழாய் இருந்தது, சோப்பு தீர்ந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார்.

பதிவை மூடும் காகிதத்தில் எழுத்தர் ஒருநாள் முத்திரை குத்திக் கொடுத்தார், அதிகாரி விடுப்பில் போயிருந்த அன்று. "என்னால முடிஞ்சது இவ்வளவுதாம்மா" என்றார். வெளியே வந்து படித்துப் பார்த்தாள். 'விடியல் ஏழு, தற்காலிக ஓய்வில்' என்று இருந்தது. மூடியதாக எங்கும் இல்லை. எண்ணிக்கையில் அவள் இன்னமும் ஆறாயிரத்தில் ஒருத்தி. காகிதத்தைக் கிழிக்கலாமா என்று நினைத்தாள். மின்வாரியத்துக்கு ஒரு நகல் வேண்டுமே என்று மடித்துவைத்துக்கொண்டாள்.

வீட்டில் மூட்டைகள் நின்றுவிடவில்லை. நாத்தனார் தன் பெயரில் பதிவு செய்துகொண்டாள். பத்து நிமிடம்தான் ஆயிற்று. அவள் விடியல் பன்னிரண்டு.

"உங்களுக்கு அண்ணன் சம்பாத்தியம் இருக்கு அண்ணி, முகம் சுளிக்கலாம். இவங்கப்பா பணம் அனுப்பி அஞ்சு மாசம் ஆச்சு. நான் யார்கிட்ட போய் நிக்கறது?" என்றாள்.

அக்கா அவளை மூடிக்காரரிடம் வரச் சொன்னாள். குழந்தையை யார் பார்ப்பது என்று நாத்தனார் கேட்டாள்.  இரண்டு பேரும் நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேசினார்கள். ஒரே சமையலறையில் எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்?

இப்போது காலையில் அக்கா வேலைக்குக் கிளம்பும்போது, நாத்தனார் முன்னறைத் தரையில் பிரஷ்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழந்தை அட்டைக்கட்டின் மேல் தலை வைத்து, வாயோரம் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருக்கும். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, எங்கும் பார்க்காமல், மூட்டைகளைத் தாண்டிப் போவாள்.

"அண்ணி, அந்த அட்டைக்கட்டுல ஒண்ணை இப்படித் தள்ளிட்டுப் போங்க" என்பாள் நாத்தனார்.

அக்கா குனிந்து குழந்தையின் தலையை மெல்லத் தூக்கித் தலையணையில் வைப்பாள். எச்சில் பட்ட மேல் அட்டையை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, மீதியைத் தள்ளிக் கொடுப்பாள். தெருமுனைக் குப்பைத்தொட்டியில் அந்த அட்டையைப் போட்டுவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நிற்பாள்.